எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?

ஆக்லாந்து விமான நிலையத்தில் என்னை முதலில் வரவேற்றது ஒரு நாய். காது தொங்கிய, சாதுவான நாய். பெட்டிகள் வரும் இடத்தில் ஒவ்வொருவர் பையாக முகர்ந்துகொண்டே வந்தது, என் கைப்பையைக் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. பாவம், கால் வலிக்கிறது போல என்று நினைத்தேன். அது உட்கார்ந்தால் பைக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம். இருந்தது. ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டு கறிவேப்பிலை.

காதோரம் பூ வைத்திருந்த அதிகாரி அம்மாள், "இது தாவரம், தெரியுமா?" என்று கேட்டார். கறிவேப்பிலையை நான் தாவரமாக நினைத்ததே இல்லை, தாளிக்கிற சாமான் என்றுதான் நினைத்திருக்கிறேன். நல்லவேளை, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மிரட்டியதால் படிவத்தில் 'உணவுப்பொருள் உண்டு' என்று எழுதியிருந்தேன். அதனால் தண்டனை கறிவேப்பிலைக்கு மட்டும். அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு "நியூசிலாந்துக்கு நல்வரவு" என்றார். ஒரு நாடு தன் எல்லையை எப்படிக் காக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லப் போனவள் நான். எல்லையிலேயே பிடிபட்டேன்.

என்னை அறிமுகப்படுத்திவிடுகிறேன். விருதுநகர்க்காரி. மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். கரண்ட் போகும்போதெல்லாம் ஊரே என்னைத் திட்டியதில், எதற்கும் பதில் சொல்லும் வாய் எனக்கு வளர்ந்துவிட்டது. அந்த வாய் என்னைப் பட்டிமன்ற நடுவராக்கியது. முதல் வரிசை நடுவர் இல்லை. முதல் வரிசைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிடப்படுகிற நடுவர். ஆக்லாந்துக்கும் அப்படித்தான் போனேன்.

என்னிடம் இரண்டு சரக்குகள் உண்டு. ஒன்று, பேச்சாளர் மைக்கைப் பிடித்ததும் நான் கேட்கும் கேள்வி: "எந்த ஊரு, எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?" மூன்றாவது கேள்விக்குக் கூட்டம் சிரிக்கும். எத்தனை வருடமானாலும் சிரிக்கும். இன்னொன்று, என் தீர்ப்பு. கணவனா மனைவியா என்றால் இருவரும். சேமிப்பா செலவா என்றால் இரண்டும். எந்த மேடையிலும் நான் யாரையும் தோற்கடித்ததில்லை. அதனால்தான் அடுத்த வருடமும் கூப்பிடுகிறார்கள்.

என்னை அழைத்தது அங்குள்ள ஒரு தமிழ்ச் சங்கம். செயலாளர் யோகநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிளாட் புஷ் என்ற புறநகரில் அவர் வீட்டில்தான் தங்கினேன். முதல் நாள் காலை அவர் மனைவி வசந்தி இடியப்பமும் சொதியும் வைத்தார். நான் ஆறு இடியப்பம் சாப்பிட்டேன். "ஏன் அக்கா, வாய்க்குப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். இன்னும் நாலு சாப்பிட்டு என் நேர்மையை நிரூபித்தேன்.

சாப்பிடும்போதே யோகநாதன் தலைப்பின் வரலாற்றைச் சொன்னார். சித்திரை விழாவுக்கு வழக்கமாகக் கணவன் மனைவிச் சண்டைதான் தலைப்பு. இந்த வருடம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு காணொளியைப் போட்டிருக்கிறார்கள். முகமூடி போட்ட ஆட்கள் ஒருவரை வண்டியில் ஏற்றும் காட்சி. அந்த நாட்டின் குடியேற்ற அமலாக்கத் துறையைக் கலைத்துவிட வேண்டும் என்று ஒருவர் எழுத, கலைத்தால் நாடு சத்திரமாகிவிடும் என்று இன்னொருவர் எழுத, மூன்று வாரம் அடிதடி. எல்லோருக்கும் நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஒரு மச்சான் இருக்கிறான். ஐந்து பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

"போனில கத்திறதை மேடையில கத்தட்டும் எண்டு நான்தான் சொன்னனான், அக்கா," என்றார் யோகநாதன். "அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை: கலைப்பதே தீர்வா, திருத்துவதே தீர்வா? எப்பிடித் தலைப்பு?"

"ஆக்லாந்துல உட்கார்ந்துக்கிட்டு அமெரிக்கத் துறையக் கலைக்கப் போறோமா?"

"ஏன், விருதுநகரில இருந்து நீங்கள் எத்தினை அரசாங்கத்தைக் கலைச்சிருப்பியள்!" என்றார். அது உண்மைதான்.

ஒரே ஒரு சிக்கல் வந்ததாம். ஆறு பேச்சாளர்களும் கலைக்கும் அணிக்கே வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார்கள். போலீஸ் பக்கம் நின்று பேச யாருக்குப் பிடிக்கும்? சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். திருத்தும் அணிக்குத் தலைவராக விழுந்தவர் அன்பழகன், புதுக்கோட்டைக்காரர், டைல்ஸ் ஒட்டும் தொழில். சங்கத்தின் நட்சத்திரப் பேச்சாளர் அவர்தானாம்.

அன்று மாலை நடக்கப் போனேன். பிளாட் புஷ்ஷில் எல்லா வீடும் சாம்பல் நிறம், எல்லா வாசலிலும் ஒரே மாதிரி புல். திரும்பி வந்து மணியை அடித்தால் கதவைத் திறந்தது ஒரு சீன அம்மாள். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே வழி தவறியவள் என்று கண்டுகொண்டு, உட்காரவைத்து, சூடாக ஒரு கொழுக்கட்டை கொடுத்தார். சாப்பிட்டு முடிக்கும்போது வசந்தி தேடிக்கொண்டு வந்துவிட்டார். நம்மூரில் கதவைத் தட்டினால் முதலில் சங்கிலியைப் போடுவோம்.

மறுநாள் மாலை யோகநாதன் வீட்டில் ஒத்திகை. பேச்சாளர்கள் வந்தார்கள். கலைக்கும் அணித் தலைவி தனலெட்சுமி, மலேசியத் தமிழர். உள்ளே நுழையும்போதே, "வாசல்ல யாரு காடி லா? வழிய மறிச்சு நிக்குது! நான் இழுத்துட்டுப் போக ஆளக் கூப்பிடவா?" என்று யாருடைய காரையோ திட்டிக்கொண்டுதான் வந்தார். சட்டத்தை அமல்படுத்தும் துறையைக் கலைக்கச் சொல்லிப் பேசப்போகிறவர் அவர். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

அன்பழகனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. விரல் நகங்களில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. வந்ததிலிருந்து எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தார். பேசாமல் இருந்தால் செத்துவிடுவார் போலிருந்தது. அவர் ஒரு உளுந்து வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில்தான் யோகநாதன் அறிவித்தார்.

"சீஃப் கெஸ்ட் கிடைச்சிட்டார்! எம்பி வரேலாது எண்டிட்டார். நிகழ்ச்சி எண்டால் ஒரு சீஃப் கெஸ்ட் வேணும்தானே? கோயில்ல அன்னதான வரிசையில எனக்கு முன்னால ஒருத்தர் நிண்டவர். கழுத்தில ஐடி காட். பாத்தால், குடிவரவு ஒஃபிஸ்! சின்னப்பா எண்டு பேர். ஃபிஜிக்காரர், எங்கட ஆக்கள்தான். தலைப்புக்கும் பொருத்தம். கையோட கேட்டிட்டன், ஓம் எண்டிட்டார்."

எல்லோரும் கைதட்டினார்கள். உலகத்தில் வேறு எந்த இனமும் இதைச் செய்யாது. குடியேற்ற அதிகாரிகளை ஒழிக்க வேண்டுமா என்று விவாதிக்க மேடை போட்டு, ஒரு குடியேற்ற அதிகாரியையே கூப்பிட்டு, முதல் வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவது நம்மால்தான் முடியும். அன்பழகன் மட்டும் கைதட்டவில்லை. வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, "அம்மா, நாளைக்கு மதியம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். ரானுயில இருக்கோம். தட்டாம வாங்க," என்றார். சிரிப்பைக் காணோம்.

ரானுயி நகரத்தின் இன்னொரு மூலை. வசந்தி என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். அங்கே ரயில் இல்லை. தண்டவாள வேலையாம், ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து. பேருந்தும் எல்லா ரயில் நிலையத்திலும் நின்று நின்று, இல்லாத ரயிலுக்கு மரியாதை செய்துகொண்டே போனது. இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொன்னார்கள், செருப்பே போடாமல் ஏறிய ஒரு தாத்தாவும் சொன்னார். எங்கள் ஊர்ப் பேருந்தில் இறங்கும்போது நடத்துநர்தான் ஏதாவது சொல்வார், அதை எழுத முடியாது. நானும் ஆசைப்பட்டு ஒரு நன்றியைச் சொல்லி இறங்கினேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. வெயில் வந்தது. மறுபடியும் மழை. அன்பழகனுக்குப் போன் செய்தால், ஒரு பெரிய வெள்ளை வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கதவளவு அகலமான ஒரு மனிதர். பெயர் சியோனே. டோங்கா தீவுக்காரர், அன்பழகனின் பக்கத்து வீடு. என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து, ஒரு பார்சலை ஏற்றுவது போல முன் இருக்கையில் ஏற்றினார்.

சாப்பாடு அன்பழகனின் மனைவி கைவண்ணம், நல்ல கோழிக் குழம்பு. சியோனே தன் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவந்தார். சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சியை வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மடித்து வேகவைத்தது. நாம் தூக்கிப் போடுகிற இலை இப்படி ருசிக்கும் என்று எனக்கு அறுபத்தொரு வயதுவரை யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும், ஒன்பது வயது மகள் அடுத்த அறைக்குப் போன பிறகு, அன்பழகன் சொன்னார்.

"அம்மா, எனக்கு விசா இல்லை."

அவரைக் கூட்டிவந்த கம்பெனி இழுத்து மூடப்பட்டது. வேறு வேலை கிடைத்து, தாள்கள் தயாராவதற்குள் விசா முடிந்துவிட்டது. பத்து மாதமாகிறது. விசா முடிந்தவர்கள் ஒரு கடைசி வழியாக, தங்கள் கதையைச் சொல்லிச் சிறப்புக் கருணை கேட்டு எழுதலாமாம். எழுதியிருக்கிறார். பதில் எந்த நாளும் வரலாம். ஆமாம் என்று வந்தால் மனைவி, மகளோடு மூன்று பேரும் இங்கேயே இருக்கலாம். இல்லை என்று வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அதைப் படிச்சுப் பார்த்தே ஆகணும்னுகூட அவங்களுக்குக் கட்டாயம் இல்லைம்மா. ஆமான்னாலும் இல்லைன்னாலும் காரணம் சொல்ல மாட்டாங்க. சட்டமே அப்படித்தான்."

"அப்ப எதுக்குய்யா மேடை ஏறுறீங்க? உடம்பு சரியில்லைன்னு சொல்லிற வேண்டியதுதானே?"

"வருஷா வருஷம் பேசுறவன் திடீர்னு விலகினா ஏன்னு நூறு பேரு கேப்பாங்க. மேடையில நின்னா யாரும் கேக்க மாட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "உங்க வீடியோ எல்லாம் பாத்துருக்கேன். அந்த மூணு கேள்வி கேப்பீங்கள்ல? எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்கன்னு? அத மட்டும் என்கிட்டக் கேட்டுப்புடாதீங்கம்மா. அந்த ஆளு முன்னாடி உக்காந்திருப்பாரு. நான் எதையும் தாங்கிருவேன், மூஞ்சி காட்டிக்குடுத்துரும்."

கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பெற்ற பிள்ளைமேல் அடிக்க வேண்டிய சத்தியத்தை அவசரத்தில் குழம்புச் சட்டிமேல் அடித்தேன்.

சியோனே எங்கள் முகங்களைப் பார்த்தே பேச்சு எதைப் பற்றி என்று புரிந்துகொண்டார். அவரும் அதே மாதிரி விசா இல்லாதவர்தான், பதினோரு வருடமாக. அவர் கடிதத்தையும் அன்பழகன்தான் உட்கார்ந்து தட்டச்சு செய்து, இரண்டையும் ஒரே நாளில் ஒரே தபால்பெட்டியில் போட்டிருக்கிறார். சியோனே ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐம்பது வருடத்துக்கு முன்னால் இங்கே விடியற்காலையில் நாயோடு வந்து எங்கள் ஆட்களைப் பிடிப்பார்கள். என் அம்மாவைத் துணி அலமாரிக்குள் இருந்து பிடித்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன்னால் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. டிவியில் காட்டினார்கள். நான் பார்த்தேன்." கண்ணைச் சிமிட்டினார். "விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன்."

அவர்தான் முதலில் சிரித்தார். வீடே அதிர்கிற சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை பக்குரங்காவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. மனைவியையும் மகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த அன்பழகனோடு, சியோனே நாற்காலி போட உதவிக்கு வந்திருந்தார். ஒரு கைக்கு ஆறு நாற்காலி தூக்கினார். சின்னப்பா செம்பருத்திப் பூப் போட்ட சட்டையில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம். யோகநாதன் மைக்கில், "எங்கட சிறப்பு விருந்தினருக்கு எங்கட அன்பழகன் பொன்னாடை போர்த்துவார்!" என்றார். அன்பழகன் சிரித்துக்கொண்டே போர்த்தினார். சின்னப்பா அவரைக் கட்டிப்பிடித்து, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அது.

தனலெட்சுமி முதலில் பேசினார். வெளுத்து வாங்கினார். "இந்தத் துறை ஒண்ணும் ஆதி காலத்துத் துறை இல்ல லா! இந்த நூற்றாண்டுல பொறந்தது. அதுக்கு முன்னாடி அந்த நாட்டுக்குச் சட்டம் இல்லையா, எல்லை இல்லையா? இருந்துச்சு. முகமூடி போட்டுக்கிட்டு வர்றவன எப்படித் திருத்துவீங்க? மொதல்ல மூஞ்சிய எங்கேன்னு தேடுவீங்களா? வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வரல, கோர்ட்டுக்கு ஒழுங்கா ஆஜராக வந்தவன வாசல்லயே புடிச்சிக்கிட்டுப் போறான். பயமுறுத்துறதுக்குன்னே ஒரு துறை எதுக்கு? கலைங்க!" மண்டபம் தட்டியது.

அடுத்து அன்பழகன் எழுந்து மைக்கைப் பிடித்தார். கூட்டம் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தது. இப்போது என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மூளை குழம்புச் சட்டியை நினைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முப்பது வருடம் ஒரே தடத்தில் ஓடிய வாய், எஜமானியைக் கேட்காமல் தானே கிளம்பிவிட்டது.

"வாங்க அன்பழகன்! எந்த ஊரு, எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?"

கூட்டம் சிரித்தது. அன்பழகன் என்னை ஒரு நொடி பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி, முதல் வரிசையைக் கைநீட்டிக் காட்டினார்.

"நடுவர் அவர்களே, ஊரு புதுக்கோட்டை. வந்து ஏழு வருஷம் ஆச்சு. எப்பப் போறேங்கிறத முடிவு பண்ற ஆபீசு இதோ முன்னாடி பொன்னாடையோட உக்காந்திருக்கு. என்னைய ஏன் கேக்குறீங்க? அவரைக் கேளுங்க!"

கூரை பிய்ந்தது. சின்னப்பா தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்து, எழுந்து நின்று நாலாபக்கமும் கும்பிட்டார். அத்தனை பேர் முன்னாலும் ஒரு மனிதன் தன் முழு உண்மையைச் சொல்லிவிட்டான், அதை நகைச்சுவை என்று ஊரே நம்பிவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நடுவர் என்பதால் சிரித்துவைத்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா? கலைச்சா என்ன ஆகும்? பலகைய மாத்துவாங்க, அதே ஆளு வேற சட்டை போட்டுக்கிட்டு வருவான். முகமூடியக் கழட்டச் சொல்லுங்க. நீதிபதி கையெழுத்து இல்லாம கதவத் தட்டாதேன்னு சொல்லுங்க. அது திருத்தம்!" தட்டினார்கள். பிறகு அவர் சொன்னார்: "நாமெல்லாம் எப்படி வந்தோம்? வரிசையில நின்னு வந்தோம். மெடிக்கல் எடுத்து, போலீஸ் சர்டிபிகேட் எடுத்து, வருஷக்கணக்கா வாசலப் பாத்துக் காத்துக்கெடந்து வந்தோம். வரிசையில நிக்காதவனுக்கும் அதே கதவுன்னா, வரிசை எதுக்குங்க?"

அன்றைய நாளின் பெரிய கைதட்டல் அதற்குத்தான். கலைக்கும் அணிக்கே பேசுவேன் என்று அடம்பிடித்தவர்களும் தட்டினார்கள். அகதியாக வந்த யோகநாதனும் தட்டினார். அந்த மண்டபத்தில் தாள் இல்லாதவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவர் மேடையில் நின்று அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத சியோனே, பின்சுவர் ஓரம் நின்று, தன் நண்பன் ஜெயிக்கிறான் என்ற சந்தோஷத்தில், எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் இரண்டும் முறம் மாதிரி. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

தீர்ப்புச் சொல்லும் நேரம் வந்தது. அரை மணி நேரம் பேசினேன். துறை இருக்கட்டும், ஆனால் முகமூடி இல்லாமல் இருக்கட்டும். யாரை அனுப்பினாலும் காரணம் சொல்லி அனுப்பட்டும். நியாயத்தில் கலைக்கும் அணி வென்றது, வாதத்தில் திருத்தும் அணி வென்றது. பாதிப் பாதி. எல்லோரும் மகிழ்ந்தார்கள். "நடுவர் எண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்றார் யோகநாதன். அமெரிக்கத் துறையை என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லாமல் பாதிப் பாதி என்று சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் சின்னப்பா எனக்கு முன்னால் நின்றார். பரிமாறிக்கொண்டிருந்தவர், வேறு யார், அன்பழகன்தான். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், உங்கள் அலுவலகத்தில் நீங்கள் என்ன அதிகாரி என்று.

"அதிகாரியா?" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "நான் தபால் பிரிவு. உறையைப் பிரிப்பேன், தேதி முத்திரை குத்துவேன், தட்டில் வைப்பேன். பதினாறு வருடமாக அதுதான். உள்ளே இருப்பதைப் படிக்க எனக்கு அனுமதி இல்லை. உங்கள் செயலாளரிடம் சொல்லப் பார்த்தேன், அவர் என்னைப் பேசவே விடவில்லை." தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "சில உறைகள் கனமாக இருக்கும். பிள்ளைகளின் போட்டோவை உள்ளே வைத்திருப்பார்கள். விரலுக்கே தெரியும்."

அன்பழகன் சின்னப்பாவின் தட்டில் இரண்டு வடை அதிகமாக வைத்தார்.

ஞாயிறு முழுக்க மழை. திங்கட்கிழமை மதியம் எனக்கு விமானம். யோகநாதன் கூட்டிப்போவதாக இருந்தது, ஆனால் அன்பழகன் நாங்கள்தான் வருவோம் என்று போன் செய்திருந்தார். அதே வெள்ளை வேன். சியோனே ஓட்ட, நடுவில் அன்பழகன், ஓரத்தில் நான். சியோனே என் பெட்டியை ஒரு விரலில் தூக்கி ஏற்றிவிட்டு, வண்டியைக் கிளப்பியதும் தானே சொன்னார்: "காலையில் எனக்குப் பதில் வந்துவிட்டது. இல்லை என்று. இரண்டு வரி. அம்மாவுக்காவது நாய் வந்தது, எனக்கு மின்னஞ்சல். நாடு முன்னேறிவிட்டது." சிரித்தார். இந்த முறை வீடு அதிராத சிரிப்பு.

அன்பழகனைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், தமிழில் பேசினார்.

"அம்மா, எம்பக்கம் திரும்பாதீங்க. எனக்கும் வந்துருச்சு. குடுத்துட்டாங்க. மூணு பேருக்கும்."

"கடவுளே..."

"அவன்கிட்ட இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா. ரெண்டு லெட்டரும் நான்தான் அடிச்சேன். ஒரே மாதிரிதான் அடிச்சேன். அவன் பதினோரு வருஷமா இருக்கான், சர்ச்சுல பாடுறான், தெருவுல யாரு வீட்டுல கூரை ஒழுகினாலும் அவன்தான் ஏறுவான். எனக்கு ஏன் குடுத்தாங்க, அவனுக்கு ஏன் குடுக்கலைன்னு போடலை. நீங்க அரை மணி நேரம் காரணம் சொன்னீங்களே, எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கம்மா. அவன்கிட்டச் சொல்றதுக்கு."

என்னிடம் இல்லை. இல்லை என்று சொன்னேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன ஒரே நேர்மையான தீர்ப்பு அதுதான்.

வேன் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு முறை மழை வந்து நின்றது. மூன்று சிக்னல் தாண்டி, நான்காவதில் சிவப்பு விழுந்தபோது, சியோனே அன்பழகன் பக்கம் திரும்பினார்.

"உனக்குக் கிடைத்துவிட்டது, இல்லையா?" என்றார் ஆங்கிலத்தில். "வண்டியில் ஏறியதிலிருந்து ஒரு ஜோக்கூடச் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் நீ இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை."

அன்பழகன் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பச்சை விழுந்தது. சியோனே வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "வாழ்த்துகள், சகோதரா" என்று ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினார். அன்பழகன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விமான நிலையம் வரும்வரை விடவில்லை. சியோனே ஒற்றைக் கையாலேயே ஓட்டினார். அந்த ஊரில் அது சட்டப்படி சரியா என்று நான் கேட்கவில்லை.